பாலியல் தொழில்: உரிமமா, உரிமையா?

'மசாஜ் நிலையம் என்ற பெயரில் விபசாரம், தரகர் கைது, பெண்கள் மீட்பு' - நாளிதழ்களில் நாம் அடிக்கடி படிக்கும் செய்தி இது. அதன் கடைசி வரி பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும்: மீட்கப்பட்ட பெண்கள் காப்பகத்தில் ஒப்படைக்கப்பட்டனர். அவர்கள் விரும்பித்தான் அங்கு சென்றார்களா, எத்தனை நாள் வைக்கப்பட்டார்கள், வெளியே வந்தபின் எதைக் கொண்டு பிழைத்தார்கள் என்பன பற்றிய அடுத்த செய்தி வருவதே இல்லை.

இந்த மௌனத்துக்கு நடுவே ஒரு பழைய கேள்வி அவ்வப்போது தலைதூக்குகிறது. ஒழிக்க முடியாத இத்தொழிலை ஏன் சட்டபூர்வமாக்கி ஒழுங்குபடுத்தக் கூடாது? 2009-இல் குழந்தைக் கடத்தல் தொடர்பான வழக்கொன்றை விசாரித்தபோது உச்சநீதிமன்றமே மத்திய அரசிடம் ஏறக்குறைய இதே கேள்வியை எழுப்பியது.

ஆதரிப்போர், நோய் கட்டுப்படும், மாமூல் ஒழியும், அரசுக்கு வரி வரும் என்கிறார்கள். எதிர்ப்போர், பெண்ணுடலை விற்பனைப் பொருளாக்க அரசே முத்திரை குத்துவதா என்கிறார்கள். தமிழகத்தில் இந்த எதிர்ப்புக்கு மதிக்கத்தக்க வேர்கள் உண்டு. சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்துக்கு எதிராக டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் நடத்திய நெடிய போராட்டத்தின் பயனாகவே 1947-இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. அந்த மரபில் வந்தவர்கள் 'சட்டபூர்வம்' என்ற சொல்லைக் கேட்டதும் துணுக்குறுவது இயல்பே.

ஆனால், அந்த ஒரே சொல்லுக்குள் இரு வேறு ஏற்பாடுகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, அரசு பதிவேடு வைத்து, உரிமம் கொடுத்து, மருத்துவப் பரிசோதனையைக் கட்டாயமாக்கும் முறை. மற்றொன்று, வயது வந்த பெண்ணைத் தண்டிக்கும் பிரிவுகளை மட்டும் நீக்கிவிட்டு, கடத்தலையும் வற்புறுத்தலையும் குற்றமாகவே வைத்திருக்கும் முறை. முன்னது உரிமம்; பின்னது குற்றநீக்கம். பொருளியல் பயின்றவன் என்ற முறையில் என் கருத்து இதுதான்: உரிம முறை நமக்கு வேண்டாம், குற்றநீக்கம் காலம் கடந்த தேவை.

முதலில் இன்றைய நிலையைப் பார்ப்போம். 1956-இல் இயற்றப்பட்டு, 1986-இல் திருத்தி இன்றைய பெயர் சூட்டப்பட்ட ஒழுக்கக்கேடான வாணிபத் தடுப்புச் சட்டம், பாலியல் தொழிலைக் குற்றம் என்று நேரடியாகச் சொல்லவில்லை. அதைச் சுற்றியுள்ள அனைத்தையும் குற்றமாக்கியிருக்கிறது. பொது இடத்தில் வாடிக்கையாளரை அழைத்தால் எட்டாவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. இதே குற்றத்தை ஓர் ஆண் செய்தால் ஏழு நாள் முதல் மூன்று மாதம் வரைதான். சட்டப் புத்தகத்திலேயே ஆணுக்கு ஒரு அளவுகோல், பெண்ணுக்கு ஒரு அளவுகோல்.

'விபசார விடுதி' என்பதன் வரையறை இன்னும் விந்தையானது. இரண்டு பெண்கள் தங்கள் இருவரின் ஆதாயத்துக்காக ஒரு வீட்டைப் பயன்படுத்தினாலே அது விடுதியாகிவிடும். பாதுகாப்புக்காக ஒருவருக்கொருவர் துணையாக இருப்பதே குற்றம் என்றால், தனியாக இருள் சூழ்ந்த இடத்துக்குப் போ என்றோ, ஒரு தரகரின் நிழலில் ஒதுங்கு என்றோதான் சட்டம் அந்தப் பெண்ணுக்குச் சொல்கிறது. நான்காவது பிரிவின்படி, அவளது வருவாயில் வாழ்வது தெரிந்தே வாழும் 18 வயது கடந்த எவரும் குற்றவாளி. தரகரை நோக்கி எழுதப்பட்ட இந்த வரி, தாயின் சம்பாத்தியத்தில் கல்லூரிக்குச் செல்லும் மகனையும் வயதான தாய் தந்தையரையும் ஒரே வலையில் சிக்கவைக்கிறது. நடுவர் ஆணையிட்டால் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை ஒரு பெண்ணைக் காப்பகத்தில் வைக்க 17-ஆவது பிரிவு இடமளிக்கிறது. குற்றவாளிக்குக்கூட தண்டனைக் காலம் முடியும் நாள் உண்டு. 'மீட்கப்பட்டவளுக்கு' அது நடுவரின் விருப்பம்.

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் பெண் பாலியல் தொழிலாளர்களின் எண்ணிக்கை எட்டு லட்சத்துக்கும் மேல். இத்தனை பேரின் அன்றாட வாழ்வு காவலரின் மனநிலையைப் பொறுத்திருக்கிறது.

இந்தக் குழப்பத்துக்குத் தீர்வாகத்தான் உரிம முறை முன்மொழியப்படுகிறது. நம் நாட்டில் அது புதிதன்று. ஆங்கிலேய ஆட்சி அதைச் சோதித்துப் பார்த்துவிட்டது. படைவீரர்களிடையே பால்வினை நோய் பரவியதால் 1864-இல் படைக் குடியிருப்புச் சட்டமும், 1868-இல் தொற்றுநோய்ச் சட்டமும் வந்தன. பெண்கள் பதிவு செய்துகொண்டு, குறித்த நாளில் மருத்துவப் பரிசோதனைக்கு வர வேண்டும். நோய் இருந்தால் அடைத்துவைத்துச் சிகிச்சை. நோயைக் கொண்டுவந்த வீரனுக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. பதிவேட்டில் ஏறினால் வாழ்நாள் முழுதும் முத்திரை என்பதால் பெண்கள் பதிவைத் தவிர்த்தார்கள். தவிர்த்தவர்களைக் காவலர் துரத்தினார்கள். பிடிபட்டவர்களிடம் பணம் பறித்தார்கள். 1888-இல் அச்சட்டம் கைவிடப்பட்டது.

ஒன்றரை நூற்றாண்டு கடந்து, வளமும் நிர்வாகத் திறனும் மிக்க ஜெர்மனியிலும் அதே கதையின் மென்மையான வடிவத்தைக் காண்கிறோம். 2002-இல் அந்நாடு பாலியல் தொழிலில் ஒப்பந்தங்களைச் செல்லத்தக்கவை ஆக்கியது. ஊதியத்துக்கு வழக்குத் தொடுக்கலாம், சமூகக் காப்பீட்டில் சேரலாம் என்றது. மிகச் சிலரே வேலை ஒப்பந்தம் செய்துகொண்டனர். 2017-இல் தனிநபர் பதிவும் விடுதிகளுக்கு உரிமமும் கட்டாயமாயின. 2019 முடிவில் பதிவு செய்திருந்தவர்கள் சுமார் 40,400 பேர். இத்தொழிலில் உள்ளோர் அதைப்போலப் பல மடங்கு என்பதே பரவலான மதிப்பீடு. பதிவு செய்தவர் சட்டத்தின் ஒளியிலும், செய்யாதவர் முன்பைவிட ஆழ்ந்த இருளிலும் நின்றார்கள். இருளில் நின்றவர்களில் மொழி தெரியாத, ஆவணமற்ற புலம்பெயர்ந்த பெண்களே மிகுதி.

இதில் வியப்பில்லை. உரிமம் என்பது பொருளியல் நோக்கில் ஓர் அரிய பண்டம். அதை வழங்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, அவரிடம் ஒரு விலையும் வந்து சேர்கிறது. சாலையோரம் தள்ளுவண்டியில் இட்லி விற்பவர்களைக் கேளுங்கள். அவர்களுக்கென 2014-இல் தனிச் சட்டமே வந்தும், எத்தனை நகரங்களில் மாமூல் நின்றிருக்கிறது? பெயர் வெளியில் தெரிந்தால் வாடகை வீடும், மகளின் திருமணமும் பறிபோகும் என்று அஞ்சும் பெண்ணிடம் பதிவேடு ஒன்றைக் காட்டிப் பணம் கேட்பது இட்லிக்காரரிடம் கேட்பதைவிட எளிது. மாமூலை ஒழிக்கக் கொண்டுவரும் உரிமமே மாமூலின் புதிய ஊற்றாகிவிடும்.

கட்டாய மருத்துவப் பரிசோதனை நோயைத் தடுக்கும் என்ற வாதமும் பேர சக்தியைக் கணக்கில் கொள்வதில்லை. கொல்கத்தாவின் சோனாகாச்சிப் பகுதிப் பெண்களைப் பற்றி 2003-இல் வெளியான பொருளியல் ஆய்வு ஒன்று, எப்போதும் ஆணுறையை வலியுறுத்திய பெண்கள் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் சராசரியாக 66 முதல் 79 விழுக்காடு வருவாயை இழந்தார்கள் என்று கணக்கிட்டது. பாதுகாப்பைக் கேட்டவள் பட்டினி கிடக்க வேண்டிய சந்தை அது. இந்நிலையில் தனியொருத்தியின் விழிப்புணர்வு எவ்வளவு தூரம் உதவும்?

அதே சோனாகாச்சியில் விடை கிடைத்தது. 1992-இல் டாக்டர் ஸ்மரஜித் ஜனாவின் முயற்சியில் தொடங்கிய நலத்திட்டம், பாலியல் தொழிலாளர்களையே சக ஊழியர்களாக்கியது. 1995-இல் அவர்கள் 'உஷா' கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதுவரை கந்துவட்டிக்காரரிடம் சிக்கியிருந்தவர்களுக்குச் சேமிப்பும் கடனும் கிடைத்தன. கையில் நான்கு நாள் செலவுக்குப் பணம் உள்ளவளால்தான் 'முடியாது' என்று சொல்ல முடியும். எல்லோரும் சேர்ந்து சொன்னால் வாடிக்கையாளர் அடுத்த வாசலுக்குப் போய்ப் பயனில்லை. தொடக்கத்தில் மிகச் சொற்பமாக இருந்த ஆணுறைப் பயன்பாடு அங்கே பெரும்பான்மையோரின் வழக்கமாக மாறியது. கட்டாயப் பரிசோதனை எதுவும் இன்றி நடந்தது இது.

நியூசிலாந்தின் அனுபவமும் இதையே சொல்கிறது. 2003-இல் 60-க்கு 59 என்ற ஒரே வாக்கு வேறுபாட்டில் அந்நாட்டு நாடாளுமன்றம் குற்றநீக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. நான்கு பேர் வரை சேர்ந்து, அவரவர் வருவாயை அவரவரே வைத்துக்கொண்டு தொழில் செய்தால் சான்றிதழ் எதுவும் தேவையில்லை. இத்தொழிலில் இருப்போரின் எண்ணிக்கை இச்சட்டத்தால் பெருகவில்லை என்று 2008-இல் அதற்கான ஆய்வுக் குழு அறிக்கை தந்தது. 2014-இல் விடுதி நடத்தியவரின் பாலியல் சீண்டலுக்கு எதிராக அங்கு பணிபுரிந்த பெண் ஒருவர் முறையிட்டு, மனித உரிமைத் தீர்ப்பாயத்தில் 25,000 நியூசிலாந்து டாலர் இழப்பீடு பெற்றார். நம் ஊரில் அதே பெண் காவல் நிலையப் படியேறினால் முதலில் வழக்கு யார் மீது பதிவாகும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். நியூசிலாந்துச் சட்டத்திலும் குறை உண்டு. தற்காலிக விசாவில் வந்தவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. விளைவாக, சுரண்டலுக்கு மிகவும் இலக்காவோரும் அவர்களே.

எதிர்வாதங்களை ஒதுக்கிவிட்டுச் செல்வது நேர்மையாகாது. ஏறத்தாழ 150 நாடுகளின் தரவுகளைக் கொண்டு மூன்று அறிஞர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, இத்தொழில் சட்டபூர்வமான நாடுகளில் ஆள்கடத்தல் கூடுதலாகப் பதிவாவதாகக் கூறியது. சந்தை விரிந்தால் கடத்தலும் பெருகும் என்பது அவர்களின் விளக்கம். இதைப் புறந்தள்ள முடியாது. எனினும் கடத்தல் மறைவில் நடப்பது. நன்றாகத் தேடும் நாட்டில்தான் அது கூடுதலாகப் பதிவாகும் என்ற சிக்கல் இத்தகைய தரவுகளில் உண்டு. அந்த ஆய்வாளர்களே, இதனால் தடைதான் தீர்வு என்று முடிவு கட்டவில்லை. நான் அஞ்சுவது விடுதி முதலாளிகளுக்கான உரிமச் சந்தையைத்தான். முதலீடும் விளம்பரமும் அங்கேதான் பெருகுகின்றன. இதுவும் உரிம முறைக்கு எதிரான வாதமாகவே முடிகிறது.

பெண்ணை விட்டுவிட்டு வாங்குபவரை மட்டும் தண்டிக்கலாம் என்ற வழியை 1999-இல் சுவீடன் தொடங்கிவைத்தது. 2016-இல் பிரான்ஸ் பின்பற்றியது. பெண்ணைக் குற்றவாளியாக்காத அளவில் இது நம் சட்டத்தைவிட மேலானது. ஆனால், காவலருக்கு அஞ்சும் வாடிக்கையாளர் பேச்சைச் சுருக்கி மறைவிடம் தேடுவார். ஆபத்தானவரை அடையாளம் காண அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கும் சில நிமிடங்களும் போய்விடும். மேலும், சுவீடனில் தொழிலை விட்டு வெளியேறுபவரைத் தாங்க வலுவான சமூக நலத்திட்டங்கள் உண்டு. நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது, அடையாளச் சான்று கேட்காமல் இப்பெண்களுக்கு உணவுப் பொருள் கொடுங்கள் என்று உச்சநீதிமன்றமே ஆணையிட வேண்டியிருந்தது.

வறுமையில் அளிக்கும் சம்மதம் சம்மதமாகுமா என்பது மிகக் கடினமான கேள்வி. பலருக்கு அது முழுமையான விருப்பம் அல்ல என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால், தெரிவுகள் குறைவாக உள்ளவளிடமிருந்து இருப்பதையும் பறிப்பதால் அவளுக்குப் புதிய தெரிவு எதுவும் பிறப்பதில்லை. அபராதம் கட்டக் கடன் வாங்கினால், அந்தக் கடனை அடைக்க மீண்டும் அதே தொழிலுக்குத்தான் செல்ல வேண்டும்.

2022 மே 19 அன்று நீதிபதி எல். நாகேஸ்வர ராவ் தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு வழங்கிய ஆணை நமக்கு ஒரு தொடக்கத்தைத் தந்திருக்கிறது. காப்பகங்களில் விருப்பத்துக்கு மாறாக வைக்கப்பட்டுள்ள வயது வந்த பெண்களைக் கண்டறிந்து விடுவிக்க வேண்டும். காவல் துறை கண்ணியத்துடன் நடத்த வேண்டும். ஊடகங்கள் அடையாளத்தை வெளியிடக் கூடாது. ஆணுறை வைத்திருப்பதைக் குற்றத்துக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது. தொழிலைக் குறிப்பிடாமல் ஆதார் அட்டை வழங்க வேண்டும் என்று அது பணித்தது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றும்வரை இவை நடைமுறையில் இருக்கும் என்றும் கூறியது. நீதிமன்றக் குழுவின் வேறு சில பரிந்துரைகளை மத்திய அரசு ஏற்கத் தயங்கியது.

அந்தச் சட்டத்தில் நான்கு திருத்தங்கள் இடம்பெற்றாலே போதும் என்பேன். வயது வந்த பெண்ணை எட்டாவது பிரிவிலிருந்து விலக்குவது. இரண்டு மூன்று பெண்கள் முதலாளி இன்றிச் சேர்ந்திருப்பதை விடுதி என்ற வரையறையிலிருந்து நீக்குவது. பிள்ளைகளையும் பெற்றோரையும் நான்காவது பிரிவிலிருந்து விடுவிப்பது. வயது வந்தவரின் சம்மதமின்றிக் காப்பகத்தில் வைப்பதைத் தடுப்பது. அதே வேளையில் 18 வயதுக்கு உட்பட்டவர் விஷயத்தில் எள்ளளவும் தளர்வு கூடாது. ஆள்கடத்தலுக்கு எதிரான பாரதிய நியாய சம்ஹிதையின் 143-ஆவது பிரிவும் போக்சோ சட்டமும் முழு வலுவுடன் செயல்பட வேண்டும். சிறு பெண்ணைப் பார்த்ததாகக் காவல் துறைக்குத் தகவல் சொல்ல, தான் சிறைக்குப் போவோம் என்ற அச்சமில்லாத பெண்களே முன்வருவார்கள்.

இந்த நான்கு திருத்தங்களுக்கும் அரசுக் கருவூலத்திலிருந்து ஒரு ரூபாய் கூடத் தேவையில்லை. பணம் தேவைப்படுவது அடுத்த கட்டத்துக்கு: குடும்ப அட்டை, எளிய கடன், பிள்ளைகளின் விடுதிக் கல்வி, நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு ஓய்வூதியம். தொழிலை விட்டு வெளியேற விரும்பும் பெண்ணுக்குக் கதவு திறப்பது இவற்றால்தான். வெளியேற முடிந்தவளால்தான், உள்ளே இருக்கும்வரை தன் நிபந்தனைகளைச் சொல்லவும் முடியும்.