கடன் கணக்கு யார் கையில்?

மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்னும் கனிமம் இருக்கின்றதென்று 1909-ல் கண்டறிந்தது முதல் அம்மணலுக்கு உலகச் சந்தையில் விலையுண்டு. ஆனால், அம்மணல்மேல் குடியிருக்கும் ஏழைக்கோ, ஆனி ஆடியில் கடல் கொந்தளித்து வள்ளம் இறங்காவிட்டால், பலசரக்குக் கடையில் பற்று எழுதித்தான் அடுப்பெரிய வேண்டும். பசிக்கு இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்ற வித்தியாசம் கிடையாது.

இதில் முஸ்லிம் சகோதரர்களுக்கு ஒரு கேள்வி எழுகின்றது. வியாபாரம் ஆகும், வட்டி ஆகாது என்பது குர்ஆன் (2:275) விதி. அப்படியானால் ஒரே சரக்கை ரொக்கத்துக்கு 100 ரூபாய், மூன்று மாதத் தவணைக்கு 110 ரூபாய் என்று விற்பது வியாபாரமா, வட்டியா? நான்கு மத்ஹபுகளின் சட்ட அறிஞர்களில் பெரும்பாலோர் அது ஆகும் என்கிறார்கள். ஆனால், எந்த விலையென்று முன்னமே முடிவு செய்துவிட வேண்டும். தவணை தவறினாலும் அதற்காக ஒரு காசும் ஏறக்கூடாது. இல்லாதவனுக்கு அவகாசம் கொடுக்க வேண்டும் (2:280).

“பெயரை மாற்றி வட்டி வாங்குவதுதானே இது?” என்று பகுத்தறிவுள்ளவன் கேட்பான், கேட்கவும் வேண்டும். கொடுப்பவன் மடிக்கு அந்தப் பத்து ரூபாய் எப்பெயரானாலும் பாரந்தான். என்றாலும் வட்டிக் கடன் நாம் தூங்கும்போதும் வளரும். இக்கடன் 110-லேயே நிற்கும். நிபந்தனையைக் கைவிட்டு விலையை மட்டும் கூட்டுகிறவன், மார்க்கத்தின் பேரைச் சொல்லி வட்டி தின்கிறவனே ஆவான்.

நிற்க, முக்கிய விஷயம் வேறு. குர்ஆனில் மிக நீண்ட வசனம் (2:282) கடனைப் பற்றியதேயாகும். தவணைக் கடனை எழுதி வைக்க வேண்டும், கடன்பட்டவனே வாசகத்தைச் சொல்ல வேண்டும் என்கிறது அது. நம் கடைகளிலோ எழுதுகிறவரும், கூட்டுகிறவரும், புத்தகத்தைப் பூட்டி வைக்கிறவரும் கடைக்காரரே. கடன்பட்டவனுக்குத் தலையாட்டும் வேலை மட்டுந்தான். வட்டியைப் பற்றி வாய் கிழியப் பேசுகிறவர்கள் இதைப் பற்றி ஏன் பேசுவதில்லை?

அதே வசனம் ஓர் ஆண் சாட்சிக்கு இரண்டு பெண்கள் என்பதை நாம் ஒப்புவதற்கில்லை. பற்று வாங்கிக் குடும்பம் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் பெண்களே. கணக்கு அவர்களுக்கே நன்றாய்த் தெரியும். நல்லதை எவர் சொன்னாலும் கொள்ள வேண்டும். அல்லாததை எவர் சொன்னாலும் தள்ள வேண்டும்.

ஆகவே தோழர்களே, எம்மதத்தவராயினும் உங்கள் கையில் ஒரு பற்றுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். அன்றன்று விலையைக் கேட்டு, படித்த பிள்ளையைக் கொண்டாவது எழுதி, கடைக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவென்று எண்ண வேண்டாம். கேளாதிருப்பதே சுயமரியாதைக் குறைவாகும்.