பூச்சி அண்டாத மரம்

"பூச்சி அண்டாது சார், இலை கொட்டாது, மூணு வருஷத்துல மதில் மாதிரி நிக்கும்." ஒரு நாற்றுப்பண்ணையில் கோனோகார்பஸ் கன்றைக் காட்டி என்னிடம் சொன்னார்கள். அறவே அண்டாது என்பது மிகை. ஆனாலும் வாங்க வருகிறவரைக் கவிழ்ப்பது அந்த முதல் வாக்கியம்தான். இலையில் ஓட்டை விழாத மரமே நல்ல மரம் என்று படித்தவர், படிக்காதவர் எல்லோரும் நம்புகிறோம். கூடவே, சிட்டுக்குருவியைக் காணோமே என்று புலம்பி மொட்டைமாடியில் தினையும் தண்ணீரும் வைக்கிறோம்.

தினை தாய்க்குருவிக்குச் சரி. பொரிந்த குஞ்சுக்கு முதல் நாட்களில் புழுவும் பூச்சியும்தான் சோறு. தேனே கதி என்று நாம் நினைக்கும் தேன்சிட்டுகூடக் குஞ்சுக்குப் பூச்சி பிடித்துத்தான் ஊட்டுகிறது. அமெரிக்காவில் கரோலினா சிக்கடி என்றொரு பறவை, எடை சுமார் 10 கிராம். அது ஓர் ஈட்டுக் குஞ்சுகளை வளர்த்துப் பறக்கவிட 6,000 முதல் 9,000 புழுக்கள் தேவை என்பது பூச்சியியலாளர் டக்ளஸ் டாலமி சொல்லும் கணக்கு.

அத்தனை புழுவுக்கு எங்கே போவது? புழு கண்ட இலையைத் தின்னாது. செடிக்குச் செடி ஒரு நஞ்சு உண்டு. அதோடு காலங்காலமாகப் பழகிய பூச்சிக்கே அது செரிக்கும். எருக்கம்பால் பட்டால் நாம் பதறுகிறோம். வெந்தய வரியன் அந்த இலையில்தான் முட்டையிடுகிறது. கறிவேப்பிலையில் பறவை எச்சம்போல ஒட்டியிருப்பதைத் தட்டிவிடுமுன் உற்றுப் பாருங்கள், அது வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கலாம். வெளிநாட்டு அலங்காரச் செடிகள் பலவற்றில் இந்தப் பந்தி கிடையாது.

முருங்கையில் கம்பளிப்பூச்சி வருமே, குழந்தைகளுக்கு அரிக்குமே என்பார்கள். அரிக்கும்தான். வாசலில் வைக்காமல் கொல்லையில் வையுங்கள். கம்பளிப்பூச்சியை ரோமத்தோடு விழுங்கச் சுடலைக்குயில் இருக்கிறது. மருந்தடித்தால் அதன் சாப்பாட்டில் மண்.

கோனோகார்பஸ் நடுவதைக் குஜராத் 2023இலும் தமிழ்நாடு 2025இலும் தடை செய்தன. மகரந்தம் மூச்சுக்கு ஆகாது, வேர் குழாய்க்குள் புகும் என்று நம் அவஸ்தைகளே பெரிதாகப் பேசப்பட்டன. பசித்த குஞ்சைப் பற்றிப் பேச்சே இல்லை. அதனால் நாளை வேறொரு கன்று அதே வாக்கியத்தோடு பண்ணைக்கு வரும், நாமும் வாங்குவோம்.

எங்கள் தெருப் புங்கனில் முழு இலை ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் கொப்புளமும் வெள்ளைத் திட்டும். மரத்துக்கு நோய், வெட்டிவிடலாம் என்கிறார் எதிர்வீட்டுக்காரர். அதன் தாழ்ந்த கிளையில் தையல்சிட்டு இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்திருப்பதை அவருக்குக் காட்டியிருக்கிறேன்.