தண்ணிக்கு அளவு உண்டு, கைக்கு?

எங்க சித்தப்பா விக்கிரவாண்டிப் பக்கத்து ஊர் ஒன்றில் தண்ணித்தொட்டி ஆப்பரேட்டர். மோட்டார் போடுவது, தொட்டி கழுவுவது, பிளீச்சிங் பவுடர் கலப்பது எல்லாம் அவர்தான். வெறுங்கையால் கரைப்பார். தோள்துண்டுதான் முகமூடி. ராத்திரி பூரா இருமுவார். கேட்டால் 'பழகிடுச்சுடா' என்பார்.

தோழர்களே, இந்தப் பழக்கத்தைப் பழக்கியது யார்?

ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு 4 கிராம் பவுடர் என்று அளவு வைத்திருக்கிறார்கள். குழாய்முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்ச வேண்டும் என்கிறார்கள். குடிக்கிற வாய்க்கு இத்தனை கணக்கு. கரைக்கிற கைக்கு ஒரு ஜோடி கையுறை கிடையாது.

குளோரின் என்ன லேசுப்பட்டதா? 1915இல் ஈப்ர போர்க்களத்தில் ஜெர்மன் படை எதிரிகள்மேல் ஏவியது இதே வாயுவைத்தான். காற்றைவிட இரண்டரை மடங்கு கனம். பள்ளத்தில் தேங்கி நிற்கும். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்ந்தாலும் இதுதான் கிளம்பும். கக்கூஸ் கழுவ நம்ம சனத்திடம் இரண்டையும் ஒன்றாகக் கொடுத்தனுப்புகிறவர்களுக்கு இது தெரியாதா?

1927இல் மகாத் சௌதார் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தார். சாதி இந்துக்கள் சாணமும் மூத்திரமும் ஊற்றித் 'தீட்டு' கழித்தார்கள். இன்றைக்குத் தண்ணீரைச் சுத்தம் பண்ண நம் கையே வேண்டியிருக்கிறது. தண்ணீர் சுத்தமாகிறது, நம் நுரையீரல் போகிறது.

கையுறை, கண்ணாடி, வாயுவைத் தடுக்கும் முகமூடி, கண் கழுவப் பக்கத்திலேயே ஒரு குழாய். இவை சலுகை அல்ல, உரிமை. 'இது இல்லாமல் மூட்டையைத் தொடமாட்டேன்' என்று சித்தப்பா தனியாகச் சொன்னால் வேலை போகும். நூறு பேர் சேர்ந்து சொன்னால்?

மனு எழுதிவிட்டேன். உங்க கையெழுத்து வேணும்.