இப்பவே மாத்திரை போட்டா பின்னாடி வேலை செய்யாதா?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கிழிந்த வலைகளைச் சரிசெய்யும் 60 வயதுப் பெரியவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவரது வலது கை நடுங்குகிறது. முன்பு ஒரு மணி நேரத்தில் முடித்த வேலைக்கு இப்போது இரண்டு மணி நேரம் ஆகிறது. மருத்துவர் பரிசோதித்துவிட்டு, "பார்க்கின்சன் நோய்" என்கிறார். மாத்திரைச் சீட்டும் கைக்கு வருகிறது.

வீட்டுக்கு வந்ததும் மகன் சொல்கிறார்: "இப்பவே ஆரம்பிக்காத நைனா. சீக்கிரம் ஆரம்பிச்சா அஞ்சு வருஷத்துல மருந்து கேட்காம போயிடுமாம். முடியாதப்ப பார்த்துக்கலாம்."

பல வீடுகளில் நடக்கும் உரையாடல்தான் இது. மகன் சொல்வது சரியா?

மூளையில் என்ன நடக்கிறது?

நம் அசைவுகளைச் சீராக வைத்திருக்க மூளைக்கு 'டோபமைன்' என்ற ரசாயனம் தேவை. அதைச் சுரக்கும் செல்கள் மெல்ல மெல்ல அழிவதே பார்க்கின்சன். நடுக்கம், அசைவில் மந்தம், தசை இறுக்கம் ஆகியவை முக்கிய அறிகுறிகள். கையெழுத்து சிறுத்துப்போவது, வாசனை தெரியாமல் போவது, மலச்சிக்கல் ஆகியவையும் வரலாம். எல்லோருக்கும் நடுக்கம் இருக்க வேண்டும் என்பதில்லை.

குறைந்துபோன டோபமைனை ஈடுகட்டும் முக்கிய மருந்து லெவோடோபா. 1960-களில் புழக்கத்துக்கு வந்த இந்த மருந்தை, இன்றும் கார்பிடோபா என்ற துணை மருந்துடன் சேர்த்துத் தருகிறார்கள். இது அறிகுறிகளைக் குறைக்கும். நோயை நிறுத்தாது.

பயம் எங்கிருந்து வந்தது?

சில வருடங்கள் கழித்து, அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே மருந்தின் பலன் குறையத் தொடங்கலாம். சிலருக்குக் கை, கால் தானாக அசையும். பழி மருந்தின் மேல் விழுந்தது. 'முடிந்தவரை தள்ளிப்போடுவோம்' என்ற எண்ணம் மருத்துவர்களிடமே ஒரு காலத்தில் இருந்தது.

2014-ல் வெளியான ஓர் ஆய்வு, கானா நாட்டு நோயாளிகளையும் இத்தாலி நோயாளிகளையும் ஒப்பிட்டது. இத்தாலியில் நோய் தொடங்கி சராசரியாக 2.4 வருடங்களிலும், கானாவில் 4.2 வருடங்களிலும் லெவோடோபா ஆரம்பித்திருந்தார்கள். தாமதமாகத் தொடங்கியதால் கானாக்காரர்களுக்கு இந்தத் தொல்லைகள் தள்ளிப்போனதா என்றால், இல்லை. நோய் வந்து ஏறக்குறைய அதே காலகட்டத்தில் இரு நாட்டினருக்கும் வந்தன. அதாவது, நோய் எத்தனை வருடமாக இருக்கிறது என்பதும் மருந்தின் அளவும்தான் முக்கியக் காரணங்கள். ஆரம்பித்த தேதி அல்ல.

2019-ல் நெதர்லாந்தில் 445 பேரிடம் நடந்த ஆய்வு வெளியானது. ஒரு பிரிவினருக்கு உடனே லெவோடோபா. இன்னொரு பிரிவினருக்கு 40 வாரம் கழித்து. 80 வார முடிவில் இரு பிரிவினரின் நிலையிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. சீக்கிரம் தொடங்கியதால் நோய் மட்டுப்படவும் இல்லை, கெடுதல் கூடவும் இல்லை. ஆனால், காத்திருந்த அந்த மாதங்களில் முதல் பிரிவினரின் அறிகுறிகள் குறைவாக இருந்தன.

ஆக, இன்று போடாத மாத்திரையை நாளைக்கென்று சேமித்து வைக்க முடியாது.

அப்படியானால் எப்போது?

நோய் உங்கள் வாழ்க்கையில் கை வைக்கும்போது. வலை பின்ன முடியவில்லை, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, நடையில் தடுமாற்றம், பஸ் ஏற பயம், வெட்கப்பட்டு விசேஷங்களுக்குப் போவதே இல்லை... இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். லேசான நடுக்கம் மட்டும்தான், அன்றாட வேலைக்கு இடைஞ்சல் இல்லை என்றால், மருத்துவரின் கண்காணிப்பில் காத்திருப்பதிலும் தவறில்லை. இரண்டு நிலையிலும் நடைப்பயிற்சியும் உடற்பயிற்சியும் அவசியம்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

* ஏற்கெனவே சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் எடுத்துச் செல்லுங்கள். தலைச்சுற்றலுக்குத் தரும் சின்னரிசின், வயிற்றுக் கோளாறுக்கான சில மாத்திரைகளில் உள்ள லெவோசல்பிரைடு போன்றவையே பார்க்கின்சன் போன்ற அறிகுறிகளைக் கொண்டுவரலாம்.

* என்ன வேலை என்பதைச் சொல்லுங்கள். பிரமிபெக்ஸால், ரோபினிரோல் போன்ற மருந்துகள் சிலருக்குத் திடீர்த் தூக்கத்தைத் தரும். எண்ணூர் பக்கம் கண்டெய்னர் லாரி ஓட்டுபவருக்கு இது உயிர்ப் பிரச்னை. இதே மருந்துகளால் சிலருக்குச் சூதாட்டம், அளவில்லாத செலவு போன்ற கட்டுப்படுத்த முடியாத ஆசைகளும் வரலாம். வீட்டில் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும்.

* பூனைக்காலி விதைப் பொடி சாப்பிட்டால் மறைக்காதீர்கள். அதில் இயற்கையாகவே லெவோடோபா இருக்கிறது. மாத்திரையோடு சேர்ந்தால் அளவு தாறுமாறாகும்.

மீன் குழம்பும் மாத்திரையும்

மீன், முட்டை, பருப்பில் உள்ள புரதம், லெவோடோபா உடலில் சேர்வதைத் தடுக்கலாம். மீனை விட வேண்டாம். சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே மாத்திரை போடலாமா என்று கேளுங்கள். ஆரம்பத்தில் குமட்டல் வந்தால் அதையும் சொல்லுங்கள். சரியாகிவிட்டது என்று நினைத்து மாத்திரையைத் திடீரென நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது. அது ஆபத்தில் முடியலாம்.

லெவோடோபா-கார்பிடோபா இந்தியாவின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இருக்கிறது. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்க்காரர்களுக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் நரம்பியல் பிரிவும் இருக்கிறது.

அந்த மகன் நைனாவிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "வலை பின்ன முடியுதா, நைனா?" 'முடியல' என்று பதில் வந்தால், அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டியதில்லை.