என் ரேஷன் கார்டும் எண்பது கோடிப் பட்டினியும்

போன வாரம் ஏற்காடு டவுனில் மிளகு மூட்டையை எடை போட்டுக்கொண்டு நிற்கும்போது சென்னையிலிருந்து அக்கா மகன் போன் போட்டான். "மாமா, நாட்டுல 80 கோடிப் பேரு சோத்துக்கு வழியில்லாம இலவச அரிசியை நம்பித்தான் உசுரோட இருக்காங்களாம். டிவில ஓடிட்டு இருக்கு. ஊர்ல நீங்கள்லாம் நல்லாத்தானே இருக்கீங்க?"

குரலில் நிஜமான கவலை. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. எரிச்சல் அவன்மேல் இல்லை.

அவனிடம் சொன்னேன்: "டேய், அந்த 80 கோடில நான் இல்ல. ஆனா இலவச அரிசி நானும்தான் மாசாமாசம் வாங்குறேன்."

அவனுக்குப் புரியவில்லை. உங்களுக்கும் புரியாமல் இருக்கலாம், அதனால்தான் இந்தப் பதிவு. உங்கள் வீட்டு ஸ்மார்ட் கார்டை எடுத்துப் பாருங்கள். என்.பி.எச்.எச். என்று போட்டிருந்தால் முன்னுரிமை இல்லாத குடும்பம் என்று அர்த்தம். என் கார்டில் அதுதான் இருக்கிறது. மூணு ஏக்கர் காப்பி, சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடி, ஒரு பைக். "இவன் ஏழை இல்லை" என்று அரசாங்கமே அச்சடித்துக் கொடுத்த கார்டை நீட்டித்தான் 20 கிலோ அரிசியைச் சும்மா வாங்கிவருகிறேன். 1997ல் மத்திய அரசு ஏழைக்கு ஒரு விலை, மற்றவர்களுக்கு ஒரு விலை என்று பிரித்தபோது, தமிழ்நாடு அதை ஏற்காமல் எல்லோருக்கும் ஒரே மாதிரி என்றே வைத்துக்கொண்டது. 2011 ஜூன் முதல் அந்த அரிசியும் இலவசம். ஆகவே இங்கே இத்தனை கோடிப் பேர் இலவச அரிசி வாங்குகிறார்கள் என்றால், இத்தனை பேர் கார்டு வைத்திருக்கிறார்கள் என்று மட்டும்தான் பொருள்.

சரி, அந்த 80 கோடி எங்கிருந்து வந்தது? 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கிராமத்தில் 75 சதவீதம், நகரத்தில் 50 சதவீதம் பேர் வரை தரலாம் என்று எழுதினார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கை எடுத்துப் பெருக்கினால் கிராமத்துக்கு அறுபத்திரண்டரைக் கோடி, நகரத்துக்குப் பத்தொன்பது கோடிக்குக் கொஞ்சம் குறைவு. மொத்தம் 81.35 கோடி. அவ்வளவுதான் கணக்கு. யார் வீட்டு அடுப்பையும் எட்டிப் பார்த்து எண்ணியது கிடையாது. 2023 ஜனவரியில் அதே ஆட்களுக்குக் கிலோ மூணு ரூபாய் அரிசியை இலவசமாக்கினார்கள். விலைதான் மாறியது, ஆள் மாறவில்லை. ஆனால் அந்த வருஷக் கடைசியில் இன்னும் ஐந்து வருஷம் என்று நீட்டித்தபோது செய்தியில் அது "80 கோடிப் பேர் பட்டினியின் விளிம்பில்" என்று ஆகிவிட்டது.

மகளிர் உரிமைத்தொகையும் இப்படித்தான். ஒரு கோடிக்கு மேல் பெண்கள் ஆயிரம் ரூபாயை எதிர்பார்த்து நிற்கும் அவலம் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு நெஞ்சு பதறும். திட்டத்தின் வருமான வரம்பு வருஷத்துக்கு இரண்டரை லட்சம், நஞ்சை 5 ஏக்கர், புஞ்சை 10 ஏக்கர் வரை இருக்கலாம் என்று பக்கத்தில் ஒரு வரி போட்டால் அவ்வளவு பதறாது. அந்த வரியைத்தான் போடமாட்டார்கள்.

எங்கள் மலையில் காப்பித் தோட்டக்காரர்கள் மழையளவை நோட்டில் எழுதி வைப்பது பழைய வழக்கம். மழைமானியைத் தாழ்வாரத்துக்குக் கீழே வைத்தால் மழை அளவு தெரியாது, கூரை எவ்வளவு பெரிசு என்றுதான் தெரியும். பயனாளி எண்ணிக்கையை வைத்து வறுமையை எழுதுகிறவர்கள் மழைமானியைத் தாழ்வாரத்தில் வைத்தவர்கள்.

உடனே "அப்போ கஷ்டமே இல்லைங்கிறீங்களா" என்று கேட்பீர்கள். இருக்கிறது ஐயா, அதைத்தான் சொல்லவருகிறேன். 2016 வாக்கில் கிலோ 700 ரூபாயை ஒட்டி விற்ற மிளகு 2019ல் அதில் பாதிக்கு வந்து நின்றது. அதுவரைக்கும் ரேஷன் அரிசி எங்கள் வீட்டில் இட்லி மாவுக்கும் கோழிக்கும்தான். (கோழிக்குப் போட்டதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் போட்டோம்.) அந்த வருஷம் அதையே வடித்துச் சாப்பிட்டோம். அடுத்த வருஷம் கொரோனா. மலைப்பாதையை அடைத்தார்கள், லாட்ஜில் வேலை பார்த்தவர்கள், வண்டி ஓட்டியவர்கள், ரோட்டோரம் பலாப்பழம் விற்றவர்கள் எல்லோரும் வீட்டில். பல வீடுகளில் அந்த அரிசி மட்டும்தான் இருந்தது. எங்கள் கடையில் 2015ல் அரிசி வாங்கிய கார்டுகள்தான் 2020லும் வாங்கின. கோழி தின்ற வருஷமும், நாங்கள் தின்ற வருஷமும் பதிவேட்டில் ஒரே வரி. நாங்கள் நிஜமாகவே தடுமாறிய வருஷத்தில்கூட அசையாத எண்ணை வைத்துக்கொண்டு எதை அளக்கிறார்கள்?

அமெரிக்காவில் உணவு உதவி வாங்க வருமானத்தைக் காட்ட வேண்டும். 2008ல் 2.8 கோடியாக இருந்தவர்கள் 2013ல் 4.7 கோடிக்கு மேல் போனார்கள். அந்த எண்ணாவது பொருளாதாரத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. அதிலும் விதியைத் தளர்த்தியதால் சேர்ந்தவர்கள் உண்டு.

ஊதிப் பெரிதாக்கிய இந்த எண் நல்லது செய்தாலும் பரவாயில்லை, பொறுத்துக்கொள்ளலாம். அது செய்வது வேறு. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் 81 கோடி என்று சொன்னபோது, வரி கட்டுகிறவர்கள் மட்டும்தான் மிச்சமா, எத்தனை நாளைக்கு இலவசம் என்று நீதிபதிகளே கேட்டார்கள். கேட்கத்தான் செய்வார்கள். 80 கோடிப் பட்டினி என்று ஒரு சேனல் அழுதால், 80 கோடிச் சோம்பேறிகள் என்று அடுத்த சேனல் திட்டும். இரண்டுக்கும் ஒரே எண்தான் மூலதனம். அடுத்த படி என்ன? பட்டியலைச் சுருக்கு, பெயரை வெட்டு.

வெட்டினால் என் பெயர் போகாது. எனக்குத் தாலுகா ஆபீஸ் போகத் தெரியும். போவது கீழ்க்காட்டுப் பாட்டி மாதிரி ஆட்கள். வாழ்நாள் முழுக்கக் காப்பிப் பழம் பறித்த கை, மெஷினில் ரேகை விழாது. கடை வாரத்தில் எல்லா நாளும் திறக்காது, ஏறி இறங்க அரை நாள். ரேகை விழாத நாளில் பேரன் வரும் ஞாயிறு வரைக்கும் காத்திருக்கும். பாட்டியின் பெயர் பட்டியலில் இருக்கிறது, அதனால் செய்தியைப் பொறுத்தவரை அது "பயன்பெற்ற" 80 கோடியில் ஒன்று. பட்டியலிலேயே இல்லாதவர்களும் உண்டு. 2011 கணக்கை வைத்தே ஓட்டுவதால் பத்துக் கோடிக்கும் மேற்பட்டவர்கள் விடுபட்டிருக்கிறார்கள் என்று ழான் த்ரேஸும் ரீத்திகா கேராவும் 2020லேயே கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அந்தப் பத்துக் கோடிதானே செய்தி? அதற்கு மலையேற வேண்டும். 80 கோடிக்கு மலையேற வேண்டியதில்லை, ஏசி அறையில் கிராபிக்ஸ் போட்டால் போதும்.

இதையெல்லாம் மாப்பிள்ளையிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் கேட்டான்: "அப்ப உங்க கார்டைச் சர்க்கரை கார்டா மாத்திக்க வேண்டியதுதானே மாமா? அரிசி மிச்சமாகும்ல?"

நல்ல கேள்வி. நானும் யோசித்திருக்கிறேன். இப்போது காப்பிக்கும் மிளகுக்கும் விலை இருக்கிறது, மாற்றினால் ஒன்றும் குடிமுழுகாது. ஆனால் 2019ஐ நினைத்தால் கை போகமாட்டேன் என்கிறது.

"மே மாசம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வா, பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டேன். வந்தால் பாட்டி வீட்டுக்கும் கூட்டிப்போக வேண்டும். செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து வரச் சொல்லியிருக்கிறேன், அன்றைக்குத்தான் கடை திறப்பார்கள்.