கட்டமும் காயும்

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்ந்து, ஒருவர் கதையை நடத்த, ஏனையோர் வீரனாகவும் மந்திரவாதியாகவும் திருடனாகவும் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, தாம் செய்ய நினைப்பதை வாயால் சொல்லி, அது பலித்ததா இல்லையா என்னும் முடிவைப் பகடையிடம் விட்டுவிடும் விளையாட்டு 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அதன் மீது பிரியம் இருந்தும் இன்னும் தொடங்காத பிள்ளைகள் சிலரை நான் அறிவேன். வர்ணம் தீட்டிய சிறு உருவங்களும் கட்டம் போட்ட அழகிய விரிப்பும் வாங்கப் பணம் சேரவில்லை என்பதே அவர்கள் சொல்லும் காரணம். அந்தத் தயக்கம் அநாவசியமானது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து, கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரின் ஆக்கமாக, 1974-இல் இவ்விளையாட்டு முதன்முதலாக வெளிவந்தபோது, அது மூன்று சிறு புத்தகங்கள் அடங்கிய ஒரு பெட்டி. விலை 10 டாலர். அச்சிட்டவை 1000 பெட்டிகள். சிறு உருவங்கள் கண்ணுக்கு அழகு சேர்ப்பவையே அன்றிக் கட்டாயமல்ல என்றும், அட்டைத் துண்டுகளைக் கொண்டும் ஆடலாம் என்றும் அந்த முதற்பதிப்பிலேயே சொல்லப்பட்டிருந்தது. அதைவிடவும் என் மனத்தில் நிற்பது வேறொரு செய்தி. ஆட்டத்துக்குப் பூதங்கள் தேவைப்பட்ட கைகாக்ஸ், மலிவு விலைக் கடையொன்றில் ஹாங்காங்கிலிருந்து வந்த பிளாஸ்டிக் பொம்மைப் பை ஒன்றை வாங்கி, அதிலிருந்த இன்னதென்று சொல்ல முடியாத வினோத உருவங்களை மேசைமேல் வைத்து ஆடினார். இரும்பைத் துருவாக்கித் தின்னும் பிராணியும், ஆந்தைத் தலையும் கரடி உடலும் கொண்ட ஜந்துவும், மண்ணுக்குள் புதைந்து வந்து பாயும் மிருகமும், இன்றளவும் லட்சக்கணக்கானோர் ஆடும் இவ்விளையாட்டில் நிலைபெற்றது இவ்விதமே. பொம்மையின் மலிவு அங்கே கற்பனைக்குத் தடையாகவில்லை. கற்பனையைத் தூண்டியதே அந்த மலிவான பொம்மைதான்.

விரிப்பும் காயும் எதற்காக என்று யோசித்தால், எது அவசியம் என்பது தானே விளங்கும். யார் எங்கே நிற்கிறார் என்பதை எல்லோரும் ஒருமிக்கக் காண வேண்டும், அவ்வளவே. மந்திரவாதி அக்கினிக் கோளம் ஒன்றை எறிகிறான். அது 20 அடி ஆரத்துக்குப் பரவும் என்பது விதி. தோழன் அந்த எல்லைக்குள் நின்றானா, வெளியே நின்றானா? வாய்ப்பேச்சில் மட்டும் ஆடினால் இவ்விடத்தில்தான் சச்சரவு பிறக்கும். ஓர் அங்குலக் கட்டம் 5 அடிக்குச் சமம் என்ற கணக்குப்படி, நான்கு அங்குல நூல் ஒன்றை மையத்திலிருந்து சுற்றி வந்தால் அந்த விவாதம் நொடியில் தீர்ந்துவிடும். நூலுக்கும் கட்டத்துக்கும் இந்த வேலை தெரியும்போது, ஓவியம் தீட்டிய விரிப்பு அதற்கு மேல் என்ன செய்துவிடப் போகிறது? மேலும், குகையோ கோட்டையோ அச்சிட்ட விரிப்பு அந்தக் குகைக்கும் கோட்டைக்கும் மட்டுமே உதவும். வெற்றுக் கட்ட விரிப்போ இன்று கடலாகும், நாளை சந்தையாகும். முதலில் வாங்குபவர்கள் வெற்று விரிப்பையே நாட வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன்.

நான் முதலில் வாங்கியது ஒரு வினைல் விரிப்பு. ஈரத்துணியால் துடைத்தால் போகும் பேனாவால் எழுத வேண்டிய அதன் மேல், அறியாமல் ஒயிட்போர்டு மார்க்கரால் சிவப்பில் ஒரு நதியை வரைந்து, இரவு முழுவதும் அப்படியே விட்டுவிட்டேன். அந்தக் கறை இன்றும் போகவில்லை. ஆகவே எந்த விரிப்பானாலும் ஓரத்தில் ஒரு சிறு கோடு கிழித்து, காய்ந்தபின் அழித்துப் பார்த்துவிட்டே பயன்படுத்த வேண்டும். இவ்வகை விரிப்பில் எழுத உதவும் ஓ.எச்.பி. பேனாக்களிலும் அழியாதவை, அழிபவை என இரு வகை உண்டு. உறையைப் படித்து வாங்குவது நல்லது.

ஆயினும், வினைல் வாங்குவதற்கு முன்னால் செய்யத்தக்கது ஒன்று உண்டு. ஓர் அங்குலச் சதுரங்களை ஏ3 தாளில் அச்சிட்டால் 16-க்கு 11 கட்டங்கள் கிடைக்கும்; அதை ஜெராக்ஸ் கடையில் பளபளப்பாக லேமினேஷன் செய்துவிட்டால், ஒயிட்போர்டு மார்க்கரால் எழுதி உலர்ந்த துணியால் அழிக்கலாம். அளவைச் சுருக்காமல் நூறு சதவீதத்தில் அச்சிடுமாறு கடைக்காரரிடம் சொல்ல மறந்தால், கணினி தாளுக்கேற்பக் குறுக்கிவிடும். பிறகு அங்குலம் அங்குலமாக இராது. இரண்டு தாள்களைச் சேர்த்து வைத்தால் பெரிய மண்டபமும் அடங்கும். இன்னும் விஸ்தாரமாக வேண்டுவோர், சதுர அடிக் கணக்கில் விலை சொல்லும் ஃபிளெக்ஸ் அச்சுக் கடையில் மூன்றடிக்கு இரண்டடி அடித்து வாங்கினால் 864 கட்டங்கள் கிடைக்கும். மேலே எழுதுவதற்கு ஒரு கண்ணாடி பிளாஸ்டிக் விரிப்பைப் பரப்பிக் கொண்டால் போதும்.

காய்களுக்கு வீட்டிலேயே பொருள் இருக்கிறது. பழைய கல்யாணப் பத்திரிகையின் தடித்த அட்டையை ஓர் அங்குல வட்டமாக வெட்டி, வீரர்களுக்குப் பெயரின் முதலெழுத்தும், எதிரிகளுக்கு எண்ணும் எழுதுங்கள். ஒரே மாதிரியான ஆறு பொம்மைகளைவிட எண்ணிட்ட ஆறு வட்டங்களே, அடிபட்டவன் யார் என்ற குழப்பத்தைத் தவிர்க்கும். நிமிர்ந்து நிற்கும் உருவம் வேண்டுமென்றால், படம் வரைந்த அட்டையை பைண்டர் கிளிப்பில் செருகி வையுங்கள். கேரம் காய்களைப் பயன்படுத்த எண்ணுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவற்றின் குறுக்களவு மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாதலால் அங்குலக் கட்டத்தைத் தாண்டி அடுத்ததில் ஏறும், கட்டத்தை ஒன்றேகால் அங்குலமாகப் போட்டுக் கொண்டால் கச்சிதமாக அமரும். பெரிய பூதங்களுக்குப் பெரிய அட்டை வேண்டும். ஓகர் என்னும் அரக்கனுக்கு இரண்டுக்கு இரண்டு, இராட்சதனுக்கு மூன்றுக்கு மூன்று, முதுபெரும் டிராகனுக்கு நான்குக்கு நான்கு என்பது விதிநூலின் அளவு.

வர்ணம் தீட்டிய உருவங்களை நான் இகழவில்லை. பல இரவுகள் உழைத்து விரல் நீள வீரனின் கண்ணிமைக்கும் வர்ணம் பூசும் கைத்திறன் போற்றத்தக்க கலை. ஆண்டுகள் பல ஆடி, தன் பாத்திரத்தின் மேல் பாசம் கொண்டவர் அதற்கென ஓர் உருவம் வாங்குவதில் நியாயமும் உண்டு. ஆனால் அது ஆட்டத்தில் ஊறியபின் வர வேண்டிய செலவு. அடிப்படை விதிகள் 2023-இல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் எவரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி அளிக்கப்பட்டுவிட்டதால், கையில் இருக்கும் சொற்பப் பணத்தை நல்ல பகடைத் தொகுதி ஒன்றுக்குக் கொடுப்பதே முறை. இருபது முகப் பகடைக்குச் சரியான மாற்றைக் கையால் வெட்டிச் செய்துவிட முடியாது.

ஆட்டம் நடத்துகிற மூத்தவர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. புதிதாக வருகிற பிள்ளையிடம் இன்னின்னது வாங்கி வா என்று பட்டியல் கொடுக்காதீர்கள். ஓர் அட்டை வட்டத்தில் அவன் பெயரை எழுதி, கட்டத்தின் மேல் வைத்து, அருகில் உட்கார இடம் கொடுங்கள்.