'செட்' மாத்திரையும் சர்க்கரை நோயும்

தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இயக்குநர் அவர்களுக்கு,

மூட்டுவலி என்று சொன்னால் போதும். மெடிக்கலில் அட்டைகளைக் கத்தரித்து, மூன்று நான்கு மாத்திரைகளைச் சின்னக் காகித உறையில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். எங்கள் பக்கத்தில் அதை 'ஒரு செட்' என்பார்கள். மருத்துவர் சீட்டு கேட்பதில்லை, பில்லும் தருவதில்லை. உறைக்குள் டெக்சாமெத்தசோனோ பீட்டாமெத்தசோனோ கிடக்கும். கத்தரித்த துண்டில் பெயர் பாதிதான் தெரியும். வாங்குகிறவர் அதைப் பார்ப்பதும் இல்லை. மறுநாளே வலி பறந்துவிடுகிறதே!

அந்த உறையில் இருப்பது வலி மாத்திரை அல்ல, ஸ்டீராய்டு ஹார்மோன். 0.5 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன், நம் அட்ரீனல் சுரப்பிகள் ஒரு நாள் முழுக்கச் சுரக்கும் கார்ட்டிசாலுக்கு ஏறக்குறைய ஈடு. வேளைக்கு ஒன்றாக இரண்டு வேளை விழுங்கினால், உடம்பு தானாகச் சுரப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உள்ளே போகிறது. கல்லீரல் சர்க்கரையை அள்ளி விடுகிறது, தசைகள் இன்சுலினுக்கு மசிவதில்லை. எல்லைக்கோட்டில் இருந்தவர் சர்க்கரை நோயாளி ஆகிறார். 'அப்பாவுக்கு இருந்தது, எனக்கும் வந்துவிட்டது' என்று பரம்பரையின் மேல் பழியைப் போட்டுவிட்டு, சர்க்கரை மாத்திரையையும் செட்டையும் சேர்த்தே விழுங்குகிறார். காலையில் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு போடுபவர்களுக்கு இன்னொரு சிக்கல்: வெறும் வயிற்றில் பார்த்தால் சர்க்கரை சரியாக இருக்கும், மதியத்துக்கு மேல்தான் எகிறும். விடியற்காலை சர்க்கரைப் பரிசோதனை முகாம்களில் இவர்கள் தப்பிவிடுவார்கள்.

உடம்பு போட வேண்டும் என்று இந்த மாத்திரையையே கேட்டு வாங்குகிறவர்களும் உண்டு. முகம் உருண்டு கன்னம் உப்பியதும் 'தேறிட்டியே' என்று ஊரே மெச்சுகிறது. கையும் தொடையும் மெலிந்துகொண்டே போவதை யாரும் கவனிப்பதில்லை. மருத்துவப் புத்தகத்தில் இதற்குக் குஷிங் நோய்க்குறி என்று பெயர்.

ஸ்டீராய்டைப் பழிப்பது என் நோக்கமல்ல. ஆஸ்துமா முற்றும்போதும், சிறுநீரக நோய்கள் சிலவற்றிலும் அது உயிர்காக்கும் மருந்து. கொரோனாவில் ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்கு டெக்சாமெத்தசோன் பலன் தந்ததை 2020இல் பிரிட்டன் ஆய்வு காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை என்று சொன்னதும் அதே ஆய்வுதான். அதைக் காதில் வாங்காமல் வீட்டிலிருந்தவர்களும் விழுங்கினார்கள். 2021இல் கறுப்புப் பூஞ்சையை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக நம் அரசு பிரகடனம் செய்தபோது, கட்டுக்கடங்காத சர்க்கரையும் ஸ்டீராய்டும் கைகோத்ததன் விளைவு கண்முன் நின்றது.

உங்கள் கையில் சட்டம் இருக்கிறது. இந்த ஸ்டீராய்டு மாத்திரைகள் அட்டவணை 'எச்' மருந்துகள். சீட்டு இல்லாமல் விற்பதே குற்றம். ஆனால் 2013இல் கொண்டுவந்த 'எச்1' பட்டியலில் உள்ளவற்றுக்கு மட்டும்தான் மருத்துவர், நோயாளி பெயரோடு தனிப் பதிவேடு எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரைகள் அதில் இல்லை. பட்டியலைத் திருத்துவது தில்லியின் வேலைதான். ஆனாலும் 1940ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மருந்து ஆலோசனைக் குழுவில் நம் மாநிலத்துக்கு ஓர் இடம் இருக்கிறது. டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசலோன் மாத்திரைகளை எச்1இல் சேர்க்கும்படி அங்கே கேளுங்கள். அதுவரை, மொத்த வியாபாரிகளின் கணக்கைப் புரட்டினாலே எந்தத் தெருக்கடை பெட்டி பெட்டியாக வாங்குகிறது என்று தெரிந்துவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். வாரக்கணக்கில் வெளியிலிருந்து ஹார்மோன் வந்துகொண்டிருந்தால் அட்ரீனல் சுரப்பி வேலையை நிறுத்திச் சுருங்கிவிடும். அப்படிப்பட்டவருக்கு மாத்திரை திடீரென நின்றால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு, உயிரே போகலாம். ஒரே நாளில் எல்லாக் கடைகளிலும் பாய்ந்து அள்ளினால் மாட்டிக்கொள்வது கடைக்காரர் மட்டுமல்ல. முதலில் பொது சுகாதாரத் துறையோடு பேசுங்கள். செட் பழகியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அளவைப் படிப்படியாகக் குறைக்க ஏற்பாடு செய்யுங்கள். 'மாத்திரையைச் சட்டென்று நிறுத்தாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள்' என்று ஒவ்வொரு மெடிக்கலின் வாசலிலும் பெரிய எழுத்தில் ஒட்டச் சொல்லுங்கள். சோதனையை அதற்குப் பிறகு தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு நீரிழிவு மருத்துவர்